சாரலுக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று: லென்ஸும் ஃபிளாஷும் வாங்கப் போகிறவர்களுக்கு

என் அக்கா மகன் புனலூரில் இருக்கிறான். வேலைக்குப் போன முதல் வருஷமே ஒரு பழைய கேனான் டிஎஸ்எல்ஆரை செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டான். கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது ஒரு 18-55 லென்ஸ். போன ஆடியில் சாரல் பார்க்கச் செங்கோட்டைக்கு வந்தவன், பையைக் கீழே வைக்கும் முன்பே கேட்டான்: "மாமா, அடுத்து என்ன லென்ஸ் வாங்கட்டும்?"

"வாங்குறது இருக்கட்டும் மருமகனே. எந்தப் படம் எடுக்க வராமப் போச்சு, அதச் சொல்லு."

போனைத் திறந்து மூன்று படங்களைக் காட்டினான். ஒன்று, புளியரையில் ஆச்சியை வீட்டுக்குள் உட்கார வைத்து எடுத்தது, ஒரே கலங்கல். இன்னொன்று, கழுதுருட்டிப் பாலத்தில் ரயில் போகும்போது எடுத்தது. ரயில் தீக்குச்சி அளவுக்குத் தெரிந்தது. மூன்றாவது, சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டத்தில் தங்கையை நிறுத்தி எடுத்தது. பூவெல்லாம் பளிச்சென்று இருக்க, பிள்ளை முகம் மட்டும் கரி.

மூன்று படம், மூன்று வியாதி. முதலாவதில் வெளிச்சம் போதவில்லை. இரண்டாவதில் தூரம். மூன்றாவதில் வெளிச்சம் கொட்டிக் கிடக்கிறது, விழ வேண்டிய இடத்தில் மட்டும் விழவில்லை. கடையில் போய் "நல்ல லென்ஸ் எது?" என்று கேட்டால், அங்கே இருப்பதில் விலை கூடியதுதான் நல்ல லென்ஸ். நம்முடைய கெட்டுப்போன படங்களிடம் கேட்டால் வேறு பதில் வரும். புதிதாக ஆரம்பிப்பவர்களிடம் நான் சொல்வது இது ஒன்றுதான், மீதியெல்லாம் கணக்கு.

எங்கள் பக்கத்து வெளிச்சம் ஒரு தினுசு. தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைந்து குற்றாலத்தில் சாரலாகத் தூறும்போது, பகல் 11 மணிக்கே புளியரை வீடுகளுக்குள் லைட் போட வேண்டியிருக்கும். அதே நேரம் கிழக்கே கொஞ்ச தூரம் பஸ்ஸில் போனால் சுரண்டைப் பக்கம் வெயில் மண்டையைப் பிளக்கும். மலை மழையைத் தடுத்து வைத்துக்கொண்டு காற்றை மட்டும் அனுப்பும் சீமை அது. ஒரே நாளில் இரண்டு இடத்திலும் படம் எடுத்தால் வெளிச்சம் நூறு மடங்குக்கு மேல் மாறியிருக்கும். ஆகவே இங்கே கேமரா சாமான் என்றாலே வெளிச்சத்தைச் சமாளிக்கிற சாமான்தான். வாய் அகன்ற லென்ஸ் இருக்கிற வெளிச்சத்தை வாரிக்கொள்ளும். ஃபிளாஷ் இல்லாத வெளிச்சத்தைக் கொண்டுவரும். ஃபில்டர் வேண்டாததை வடிகட்டும். டிரைபாட், வெளிச்சம் சொட்டுச் சொட்டாகச் சேரும்வரை கேமராவை ஆடாமல் பிடித்துக்கொள்ளும்.

லென்ஸின் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது?

18-55 என்பது மில்லிமீட்டர். குவியத் தூரம் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். எண் சிறியதாக இருந்தால் பரந்த காட்சி; பெரியதானால் குறுகிய காட்சி, பொருள் கிட்டத்தில் வந்த மாதிரி தெரியும். 18-ல் வீட்டுத் திண்ணை முழுக்க அடங்கும். 55-ல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் தலையும் தோளும் மட்டும்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். பழைய ஃபிலிமின் ஒரு கட்டம் 36-க்கு 24 மி.மீ. அதே அளவு சென்சார் உள்ள கேமராவை ஃபுல் ஃபிரேம் என்கிறோம். மருமகன் கேமரா மாதிரி ஆரம்ப நிலை கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சார். கேனானில் அது சுமார் 22-க்கு 15 மி.மீ. சிறிய சென்சார் லென்ஸ் காட்டும் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறது. அதனால் கேனானில் 1.6-ஆலும், நிக்கான், சோனி, ஃபுஜியில் 1.5-ஆலும் பெருக்கிக்கொள்ள வேண்டும். 50 மி.மீ. லென்ஸைக் கேனான் ஏபிஎஸ்-சி கேமராவில் மாட்டினால் ஃபுல் ஃபிரேமில் 80 மாட்டிய அளவுக்குத்தான் காட்சி அடங்கும். இணையத்தில் யாராவது "தெருவில் எடுக்க 50 போதும்" என்று சொன்னால், அவர் கையில் எந்தச் சென்சார் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 3.5-5.6 என்று இருக்கும்: 18-ல் 3.5, 55-ல் 5.6. முன்னால் 'எஃப்' சேர்த்து எஃப் 5.6 என்று சொல்வார்கள். இதுதான் அபெர்ச்சர், லென்ஸ் எவ்வளவு அகலமாக வாய் திறக்கும் என்ற கணக்கு. குவியத் தூரத்தை இந்த எண்ணால் வகுத்தால் வாயின் அகலம் வந்துவிடும். கேமராவோடு ஒட்டிக்கொண்டு வரும் கிட் லென்ஸ் 55-ல் நிற்கும்போது 55-ஐ 5.6-ஆல் வகுத்தால் 10 மி.மீ. கிட்டத்தட்டச் சட்டைப் பித்தான். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸுக்கு 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் 28 மி.மீ. அது பத்து ரூபாய் நாணயம். பித்தான் அளவுத் துளை வழியாக எவ்வளவு வெளிச்சம் வரும், நாணயம் அளவுத் துளை வழியாக எவ்வளவு வரும்? வகுத்து வருவதால்தான் எண் சிறியதாக ஆக ஆகத் துளை பெரிதாகிறது. இந்தத் தலைகீழ் கணக்கில் எல்லோரும் ஒருமுறை தடுக்கி விழுந்திருப்போம். நான் ஆறு மாதம் தடுக்கிக்கொண்டே இருந்தேன்.

ஆச்சியும் பாம்படமும்

புளியரையில் இருப்பது என் பெரியம்மா. வயது 88. இன்னும் காதில் பாம்படம் போட்டிருக்கிற கடைசித் தலைமுறை. வீடு பழைய ஓட்டு வீடு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டைச் சீமை திருவிதாங்கூரிலும், பிறகு வந்த திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அந்தச் சாயல் பழைய வீடுகள் சிலவற்றில் இன்னும் இருக்கிறது. சரிந்த கூரை, மரக் கழிக்கோல்கள், சின்னச் சன்னல். படம் எடுக்கிறவனுக்கு எதிரி.

மருமகன் எடுத்த படத்தின் விவரத்தைப் பார்த்தேன். 55 மி.மீ., எஃப் 5.6, ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/13 வினாடி. ஐஎஸ்ஓ என்பது வந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற எண்; ஷட்டர் என்பது வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம். 1/13 வினாடிக்குள் ஆச்சி ஒரு வார்த்தை பேசிவிடுவாள், தலையும் ஆடிவிடும். அதே இடத்தில், அதே ஐஎஸ்ஓவில் என்னுடைய 50 எஃப் 1.8 லென்ஸை மாட்டிக் கொடுத்தேன். ஷட்டர் 1/125-க்கு ஏறிவிட்டது. 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்குங்கள். பத்து மடங்கு வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வரும். கேமரா அதேதான், ஆச்சி அதே ஆச்சிதான், மாறியது கண்ணாடி மட்டும்.

"ஒன் லென்ஸுல ஆட்டத்தத் தடுக்குற ஸ்டெபிலைசேஷன் வசதி இருக்குல்ல, அது போதாதா?" என்று அவன் நண்பன் கேட்டானாம். ஸ்டெபிலைசேஷன் தடுப்பது நம் கை நடுக்கத்தை. ஆச்சி தலையாட்டுவதை அதனால் தடுக்க முடியாது. கோயில் கோபுரத்தை எடுக்க அது உதவும், பேரன் பேத்தியை எடுக்க உதவாது. கைநடுக்கத்துக்கு ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு: ஒன்றை, சென்சாருக்காகப் பெருக்கிய குவியத் தூரத்தால் வகுத்தால் வருகிற ஷட்டருக்குக் கீழே போகக் கூடாது. 50-க்குக் கேனான் ஏபிஎஸ்-சியில் 1/80. ஆள் அசைந்தால் அதற்கும் மேலே வேண்டும்.

சரி, படம் தெளிவாக வந்துவிட்டதா? வந்தது. ஆச்சியின் மூக்குத்திக் கல்லில் சன்னல் தெரிந்தது. ஆனால் பாம்படம் பஞ்சு மாதிரி மங்கிப்போயிருந்தது. வாயை அகலத் திறந்தால் அதற்கு ஒரு கூலி உண்டு. 1.5 மீட்டர் தூரத்தில், எஃப் 1.8-ல், இந்தச் சென்சாரில் தெளிவாக விழுகிற ஆழம் மொத்தமே 6 செ.மீ.தான். மூக்குக்கும் காதுக்கும் நடுவே அதைவிட அதிக தூரம். எஃப் 4-க்கு மூடினால் 13, 14 செ.மீ. கிடைக்கும், அப்போது ஷட்டர் 1/25-க்கு இறங்கிவிடும். இந்த இழுபறிதான் படக்கலையில் பாதி. பின்னணி மங்கினால்தான் அழகு என்று எல்லாவற்றையும் 1.8-லேயே எடுப்பவர்களைப் பார்க்கிறேன். எனக்கு அதில் அவ்வளவு பிடித்தம் இல்லை. ஆச்சிக்குப் பின்னால் இருக்கிற அரிக்கன் விளக்கும் காலண்டரும் ஆச்சியின் படத்தில் சேர்ந்தவைதான்.

முதல் லென்ஸாக 50 எஃப் 1.8 வாங்கு என்று நான் சொல்வதற்குக் காரணம் விலையும்தான். கேனான், நிக்கான் டிஎஸ்எல்ஆர் பட்டியல்களில் மலிவான லென்ஸ்களில் ஒன்று அது. ஆனால் வீடு சின்னதாக இருந்தால் கஷ்டம். மூன்று பேரை நிறுத்தி எடுக்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து முதுகு சுவரில் முட்டும். வீட்டுக்குள்ளேயே அதிகம் எடுப்பவர்களுக்கு 35 மி.மீ. எஃப் 1.8 அல்லது எஃப் 2 வசதி. கிட் லென்ஸை 35-ல் வைத்து ஒரு வாரம், 50-ல் வைத்து ஒரு வாரம் என்று ஜூம் வளையத்தைத் தொடாமல் எடுத்துப் பாருங்கள். எது உங்கள் கால்களுக்கு ஒத்துவருகிறது என்று காசில்லாமல் தெரிந்துவிடும்.

செகண்ட் ஹேண்டில் தேடும்போது ஒரு குழி இருக்கிறது. நிக்கானில் பழைய 'டி' வகை லென்ஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே ஃபோகஸ் மோட்டார் கிடையாது. கேமராவில் உள்ள மோட்டார்தான் அவற்றைத் திருப்பும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அந்த மோட்டார் இல்லை. மாட்டலாம், படமும் வரும். ஃபோகஸ் மட்டும் கையால் செய்ய வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டு விழிப்பவர்கள் உண்டு. மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் வகையாகப் பார்த்து வாங்கினால் தொல்லை இல்லை. கேனானில் 1987 முதல் வந்த இஎஃப் லென்ஸ் எதுவானாலும் அவர்களுடைய டிஎஸ்எல்ஆர்களில் ஃபோகஸ் செய்யும்.

மிரர்லெஸ்ஸுக்கு, அதாவது டிஎஸ்எல்ஆருக்குள் இருக்கும் ஆடி இல்லாத புதுவகைக் கேமராவுக்கு, மாறட்டுமா என்ற கேள்வியும் வரும். கேனானும் நிக்கானும் 2018-ல் லென்ஸ் மாட்டும் இடத்தையே புதிதாக அமைத்த ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராக்களைக் கொண்டுவந்த பிறகு, நிறையப் பேர் பழைய லென்ஸ்களை விற்றுவிட்டு அந்தப் பக்கம் போனார்கள். நமக்கு அது லாபம். நல்ல டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் சந்தையில் சரிந்த விலைக்கு வருகின்றன. நாளைக்கு மாறினாலும் நடுவே அடாப்டர் என்ற வளையத்தை வைத்துப் பெரும்பாலானவற்றைப் பயன்படுத்தலாம். கேமராவை மாற்றுவதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

வேட்டியில் அடித்த ஃபிளாஷ்

ஆச்சிக்கு எஃப் 4 வேண்டும், ஷட்டரும் வேண்டும் என்றால் வெளிச்சத்தை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

கேமராவின் தலையில் மடங்கிக் கிடக்கும் குட்டி ஃபிளாஷை ஆச்சியின் முகத்துக்கு நேரே அடித்தால் என்ன ஆகும் என்று ரேஷன் கார்டு போட்டோ பார்த்தவர்களுக்குத் தெரியும். நெற்றி வெளுத்து, பின்னால் சுவரில் கறுப்பு நிழல் ஒட்டிக்கொள்ளும். அந்த ஃபிளாஷின் பலமும் கொஞ்சம்தான். ஃபிளாஷின் பலத்தைக் கைடு நம்பர் என்று சொல்வார்கள். அதை அபெர்ச்சர் எண்ணால் வகுத்தால், ஐஎஸ்ஓ 100-ல் எத்தனை மீட்டர் வரை போகும் என்று தெரியும். குட்டி ஃபிளாஷுக்கு அது சுமார் 12. எஃப் 4-ல் வகுத்தால் 3 மீட்டர். ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் 6 மீட்டர். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடுவதால், ஐஎஸ்ஓவை நாலு மடங்கு ஏற்றினால்தான் தூரம் இரண்டு மடங்காகும். கொடைவிழாவில் நாற்பது அடி தள்ளி நின்று சப்பரத்தைப் பார்த்து டப் டப் என்று ஃபிளாஷ் அடிக்கிறார்களே, அவர்கள் வெளிச்சம் போடுவது முன்னால் நிற்பவரின் பின்னந்தலைக்கு.

தனி ஃபிளாஷ் வாங்கினால் ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: தலை மேலேயும் திரும்ப வேண்டும், பக்கவாட்டிலும் திரும்ப வேண்டும். அது திரும்பாத ஃபிளாஷ் எவ்வளவு பலமாக இருந்தாலும் வேண்டாம். தலையை மேலே திருப்பி வெள்ளை சீலிங்கில் அடித்தால், சீலிங்கே ஒரு பெரிய சன்னல் மாதிரி ஆகி முகத்தின் மேல் மெத்தென்று வெளிச்சம் விழும். கான்கிரீட் வீடுகளில் இதற்கு ஈடே கிடையாது.

புளியரை வீட்டில் சீலிங் எங்கே இருக்கிறது? மேலே அடித்த வெளிச்சத்தைக் கறுத்த ஓடும் கழிக்கோலும் விழுங்கிவிட்டன. மிஞ்சி வந்ததும் செம்மண் நிறத்தில் வந்தது. பக்கத்துச் சுவரில் அடிக்கலாம் என்றால் அது கிளிப்பச்சை. எந்தச் சுவரில் பட்டு வருகிறதோ அந்தச் சுவரின் நிறம் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆச்சி மஞ்சள் காமாலை கண்டவள் மாதிரி ஆகிவிட்டாள்.

கொடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துத் தொங்கவிட்டேன். நாலு முழ வேட்டி, ஆச்சிக்கு இடப்பக்கம் கைக்கெட்டும் தூரத்தில். ஃபிளாஷின் தலையை அதைப் பார்த்துத் திருப்பச் சொன்னேன்.

"எதுக்குல வேட்டியத் தொங்கப் போடுத? சாரல் அடிக்கி, காயாதுல்லா" என்றாள் ஆச்சி.

"காய்றதுக்கு இல்ல ஆச்சி, வெளிச்சத்துக்கு" என்றான் மருமகன்.

எஃப் 4, 1/125, ஐஎஸ்ஓ 800. பாம்படத்தின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. கடையில் விற்கிற சாஃப்ட்பாக்ஸ் செய்வதும் இதே வேலைதான். வெளிச்சம் புறப்படும் பரப்பைப் பெரிதாக்குவது. பரப்பு பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால் நிழலின் விளிம்பு கரையும். அந்தத் தத்துவம் புரிந்துவிட்டால் வேட்டி, தெர்மோகோல் அட்டை, வெள்ளை நிறக் கதவு என்று வீடு முழுக்க உபகரணம்தான்.

ஃபிளாஷில் டிடிஎல் என்று ஒரு வசதி இருக்கும். கேமராவே அளந்து எவ்வளவு அடிக்க வேண்டும் என்று முடிவு செய்யும். கல்யாண வீட்டில் ஓடி ஓடி எடுப்பவருக்கு அது வேண்டும். உட்கார வைத்து நிதானமாக எடுப்பவருக்குக் கையால் பலத்தை மாற்றுகிற மேனுவல் ஃபிளாஷ் போதும், விலையும் குறைவு. ரீசார்ஜ் ஆகிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பென்சில் செல்லை நாலு நாலாக இரண்டு செட் வாங்கிக்கொள்ளுங்கள். பரணில் தாத்தா காலத்து ஃபிளாஷ் கிடந்தால் அதை எடுத்து டிஜிட்டல் கேமராவில் மாட்ட வேண்டாம். ஃபிலிம் காலத்து ஃபிளாஷ்கள் சிலவற்றில் மாட்டும் இடத்தில் நூறு வோல்ட்டுக்கு மேல் வரும், சில கேமராக்கள் தாங்காது. அப்புறம், குற்றாலம் சித்திர சபை மாதிரியான இடங்களில் பழைய சுவரோவியங்களைப் பார்த்து ஃபிளாஷ் அடிக்கவே கூடாது. படம் எடுக்க அனுமதி உண்டா என்பதையும் கேட்டுக்கொள்வது மரியாதை.

பாலத்து ரயில்

கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம் இருக்கிறது. மருமகன் மலையாள வழக்கில் 'கண்ணற' என்பான். கொல்லம்-செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதை 1904-ல் திறந்தது. அகலப் பாதையாக மாற்றி மறுபடி முழுசாக ரயில் ஓடியது 2018-ல். பாலம் ரோட்டை ஒட்டியே நிற்பதால் எல்லோரும் அங்கே இறங்கி ஒரு படம் எடுப்பார்கள்.

அவன் படத்தில் ரயில் சின்னதாக விழுந்ததற்கு லென்ஸ் மட்டும் காரணமில்லை. 18-ல் வைத்து எடுத்திருக்கிறான். அதே லென்ஸை 55-க்குத் திருப்பியிருந்தால் ரயில் மூன்று மடங்கு பெரிதாகியிருக்கும். இருக்கிற லென்ஸின் மறுகோடியைத் தொட்டுப் பார்க்காமலே அடுத்த லென்ஸ் வாங்குகிறவர்கள் அதிகம்.

இருந்தாலும் 55-250 அல்லது 70-300 மாதிரி ஒரு டெலி ஜூம் இங்கே வாங்கத் தகுந்ததுதான். எட்ட இருப்பதை இழுத்துக் காட்டுவது ஒன்று. அதைவிட எனக்குப் பிடித்த வேலை, முன்னாலும் பின்னாலும் இருப்பவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டுவது. தூரமாக நின்று 200-ல் எடுத்தால் பாலத்துக்குப் பின்னால் இருக்கும் மலை எழுந்து வந்து பாலத்தின் தோளில் உட்காரும். கிட்டே நின்று 18-ல் எடுத்தால் அதே மலை மண்மேடாகச் சுருங்கும். இந்த மாற்றத்தைச் செய்வது நாம் நிற்கிற இடம். லென்ஸ் அந்த இடத்திலிருந்து வேண்டியதை வெட்டித் தருகிறது, அவ்வளவுதான்.

இருவாச்சிப் பறவையை இதில் எடுத்துவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். காட்டு மரத்தின் உச்சியில் இருப்பதை எடுக்க 400, 600 மி.மீ. வேண்டும், மரநிழலில் வேகமான ஷட்டரும் வேண்டும். அது தனிச் செலவு, தனிப் பொறுமை. மலையணில் கிட்டத்தில் வந்தால் 250 போதும்.

சூரியகாந்தி முகம்

மூன்றாவது படத்துக்கு லென்ஸே வாங்க வேண்டாம். நின்ற நேரமும் திசையும் தப்பு.

சூரியகாந்திச் செடி இளசாக இருக்கும்போதுதான் சூரியன் போகிற பக்கம் திரும்பும். பூ முற்றிவிட்டால் கிழக்கே பார்த்து நின்றுவிடும். எங்கள் பக்கம் மலை மேற்கே. ஆக, காலையில் தோட்டத்துக்குக் கிழக்கு ஓரத்தில் போய் மேற்கே பார்த்து நின்றால், பூவெல்லாம் நம்மைப் பார்க்கும், வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து பூவிலும் ஆள் முகத்திலும் விழும், பின்னால் மேகம் கவிந்த மலை இருக்கும். இவ்வளவு வசதியாக யாரும் செட் போட்டுத் தர மாட்டார்கள். கேரளத்திலிருந்து வண்டி பிடித்து வருகிறவர்கள் வந்து சேருவது பெரும்பாலும் உச்சி வேளைக்கு. அப்போது கண்ணுக்குக் கீழே குழி விழும், தொப்பி போட்டிருந்தால் முகமே இருக்காது.

மத்தியானம்தான் வாய்த்தது என்றால் வெயிலிலேயே ஃபிளாஷ் அடிக்க வேண்டும். பலருக்கு இது வேடிக்கையாக இருக்கும். இருட்டைவிட உச்சி வெயிலில்தான் எனக்கு ஃபிளாஷ் அதிகம் தேவைப்படுகிறது. ஒரு கட்டுப்பாடு உண்டு: பெரும்பாலான கேமராக்களில் ஃபிளாஷோடு 1/200 அல்லது 1/250-க்கு மேல் ஷட்டர் போனால் படத்தில் கறுப்புப் பட்டை விழும். ஷட்டர் என்பது இரண்டு திரைகள். அந்த வேகத்துக்கு மேல் இரண்டும் சேர்ந்து ஒரு கீற்றாகத்தான் ஓடும். சென்சார் ஒரு கணம்கூட முழுசாகத் திறந்திருக்காது. நல்ல வெயிலுக்குப் பழைய வாய்ப்பாடு ஐஎஸ்ஓ 100, எஃப் 16, 1/100. அதையே மாற்றினால் எஃப் 11, 1/200. கைடு நம்பர் 40 உள்ள ஃபிளாஷ் எஃப் 11-ல் மூன்றரை மீட்டர் வரை எட்டும். பிள்ளையை இரண்டு, இரண்டரை மீட்டரில் நிறுத்தி, பலத்தைக் கால் பங்குக்கோ அதற்கும் கீழேயோ குறைத்து அடித்தால் கண்ணின் குழி நிரம்பும், ஃபிளாஷ் அடித்த மாதிரியும் தெரியாது.

பெட்டியில் போட்டிருக்கும் கைடு நம்பரை அப்படியே நம்ப வேண்டாம். வெளிச்சத்தைக் குறுக்கிக் குவிக்கிற ஃபிளாஷின் ஜூமை 105-லோ 200-லோ வைத்து அளந்த எண்ணாக இருக்கும். 35-ல் அது வெகுவாகக் குறையும்.

அருவிக்கு என்ன வேண்டும்?

நீர் வெள்ளைப் பட்டாக வழிகிற படம் எடுக்க, ஷட்டரை மெதுவாக்க வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி ஃபில்டர் கட்டாயம் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். சாரல் காலத்துக் குற்றாலத்தில் எனக்கு அது தேவைப்பட்டதே அபூர்வம். மேகமூட்டத்தில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 வைத்தாலே ஷட்டர் 1/15 பக்கம் வந்துவிடும். முன்னால் ஒரு போலரைசர் ஃபில்டர் மாட்டினால் அது இன்னும் குறைந்து 1/6 ஆகும். மரத்தடியில் அதற்கும் கீழே. நீர் நூல் நூலாகப் பிரிய அதுவே போதும். போலரைசர் செய்கிற பெரிய வேலை வேறு: நனைந்த பாறையிலும் இலையிலும் இருக்கும் வெள்ளைப் பளபளப்பை அது எடுத்துவிடும், பச்சை ஆழமாகும். கம்ப்யூட்டரில் பிறகு செய்ய முடியாத வேலை இது. ஆகவே முதல் ஃபில்டர் போலரைசர்தான். இருக்கிற லென்ஸ்களில் பெரிய வாய்க்குப் பொருந்துகிற அளவில் ஒன்று வாங்கி, சின்ன வாய்க்கு ஒரு ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளலாம். மருமகனின் 18-55-க்கு 58 மி.மீ., என் 50-க்கு 49. வளையம் சொற்பக் காசு.

டிரைபாட் பற்றி ஒரு வார்த்தை: ஆடுகிற டிரைபாட் இல்லாத டிரைபாடைவிட மோசம். சீசனில் பேரருவிக் கூட்டத்தில் அதை விரிக்கவும் இடம் இருக்காது. பையை ஒரு கல்லில் வைத்து, கேமராவை அதன் மேல் அமர்த்தி, இரண்டு வினாடி டைமரில் எடுத்தவைதான் என் அருவிப் படங்களில் பாதி. குரங்கு பையைத் தூக்காமல் ஒரு ஆள் காவல் வேண்டும்.

பூஞ்சை

என்னிடம் ஒரு 70-300 இருந்தது. தோல் உறையில் போட்டு, உறையைப் பீரோவில் வைத்து, இரண்டு சாரல் காலம் மறந்துபோனேன். எடுத்துப் பார்த்தபோது உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தது. பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். சுத்தம் செய்தாலும் தழும்பு போகாது. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவே இருந்தால் நிம்மதி. நீல ஜெல் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சூடாக்கினால் மறுபடி நீலமாகும். சமையல் பாத்திரத்தில் சூடாக்க வேண்டாம், அந்த நீலத்தில் இருப்பது கோபால்ட் உப்பு. அரிசிக்குள் புதைத்து வைக்கிற பழக்கமும் வேண்டாம், தவிடு லென்ஸுக்குள் போகும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் கேமராவை வெளியே எடுத்தால் பனி பூத்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் விட்டு எடுங்கள். இதையெல்லாம்விட நல்ல மருந்து, லென்ஸை வெளியே எடுத்து அடிக்கடி படம் எடுப்பது.

பழைய லென்ஸ் வாங்கும்போதும் இதையே பாருங்கள். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, போன் டார்ச்சைப் பின்னாலிருந்து சாய்வாக அடித்து முன்னால் பாருங்கள். தூசி நாலு இருந்தால் பரவாயில்லை. வேர் மாதிரி கிளை விட்டிருந்தால் எவ்வளவு மலிவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கக் கூடாது. பிறகு ஒரு செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி, நேராக நின்று எடுத்து, நாலு மூலை எழுத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் லென்ஸ் எங்கேயோ விழுந்து எழுந்திருக்கிறது.

மருமகன் கடைசியில் வாங்கியது ஒரு 50-ம், தலை திரும்புகிற மேனுவல் ஃபிளாஷும். டெலி அடுத்த போனஸுக்கு. போன வாரம் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கீழே, "மாமா, ஃபிளாஷ் இல்லாம 1.8-ல எடுத்தேன், பாம்படம் இன்னும் மங்கலாத்தான் இருக்கு" என்று எழுதியிருந்தான்.

"2.8 வை, ரெண்டடி பின்னால போ. சன்னலத் தொறந்து ஆச்சிய அது பக்கத்துல உக்கார வை" என்று பதில் போட்டேன்.

"சன்னலத் தொறந்தா சாரல் அடிக்கும்னு ஆச்சி வைய்யுதா" என்று வந்தது.